ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்கள் வரும் நாவல் இருக்கிறதா?

நண்பர்களே, வேலூர் பக்கம் பள்ளிகொண்டாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வாசிப்புக் குழுவுக்காக மு.வ.வின் 'அகல் விளக்கு' நாவலை மறுபடி படித்தோம். 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது; வாலாசாவும் பாலாறும் வருகிற கதை. சந்திரன் மீது எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அத்தனை அறிவும் அழகும் இருந்தும் தன்னைக் கெடுத்துக்கொள்ளும் அவனை நம்ப முடிகிறது. வேலய்யனைத்தான் நம்ப முடியவில்லை, எதற்கெடுத்தாலும் நியாயம் பேசுகிறான். (மு.வ. அன்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

குழுவில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் சோற்று டப்பாவுடன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள். "எங்களைப் போல ஒருத்தி எந்தக் கதையிலாவது வருகிறாளா, சார்?" என்று கேட்டார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பரிதாபத்துக்காக வைத்த பாத்திரம் வேண்டாம். சீட்டு கட்டுகிற, சூப்பர்வைசரோடு மல்லுக்கு நிற்கிற, பக்கத்து மெஷின்காரியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒருத்தி வேண்டும். அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி' ஏற்கெனவே கையில் இருக்கிறது. வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகள் (தோல் பதனிடும் ஆலைகள்) பின்னணியாக இருந்தாலும் சரி. உருது பேசும் குடும்பங்கள் வந்தால் இன்னும் நல்லது. நூலின் பெயரோடு, எந்தப் பாத்திரம் உங்களை நம்பவைத்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். தலையணை அளவு நாவல் மட்டும் வேண்டாம், வேலை முடிந்து வந்துதான் படிக்கிறார்கள்.