20 இஞ்ச் வேணாம்டா வினோ
(பெங்களூர் அல்சூர் குடும்பம் குரூப், ஞாயித்துக்கிழமை காலைல)

வினோ: மாமா, ஜேசி ரோடுல இந்த 20 இஞ்ச் ரிம் பாத்தேன், ஃபோட்டோ மேல போட்டிருக்கேன். என் பிஎம்டபிள்யூ எம்2 காம்பெடிஷனுக்கு அப்படியே உக்காரும்னு கடைக்காரர் சொல்றார். அடுத்த மாசம் சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குல ட்ராக் டே (நம்ம வண்டிய நாமளே ட்ராக்குல ஓட்டற நாள்), அதுக்குள்ள மாத்திடலாம்னு பாக்கறேன்

கார்த்தி: டேய் செமயா இருக்கு, கருப்பே எடு

பெரிய மாமா: காசு குடுத்துட்டியா?

வினோ: இல்ல மாமா, அட்வான்ஸ் கூட குடுக்கல

பெரிய மாமா: குடுக்காத. ரிம்மோட உள்பக்கத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. ஜேடபிள்யூஎல், விஐஏன்னு ஜப்பான் டெஸ்ட் முத்திரை இருக்கா, ஒரு ரிம் எத்தனை கிலோ தாங்கும்னு அச்சு இருக்கா பாரு

வினோ: கேட்டேன் மாமா. சைஸும் ஆஃப்செட்டும் (வீல் எவ்வளவு உள்ள வெளிய உக்காரும்னு சொல்ற எம்எம் நம்பர்) மட்டும்தான் போட்டிருக்காம், வேற ஒண்ணும் இல்லையாம்

பெரிய மாமா: அப்ப அது வீட்டு வாசல்ல நிக்கற காருக்குத்தான். ட்ராக்குல கெர்ப் மேல, அதாவது ஓரத்து மேடு மேல, ஏறி இறங்குவ, 1,500 கிலோவுக்கு மேல வெயிட் உள்ள வண்டி, பிரேக் போட்டுக்கிட்டே திருப்பறப்ப அந்த பாரத்துல பெரும்பங்கு முன்பக்கம் வெளி வீல் மேலதான் வந்து உக்காரும், அங்க ஸ்போக் உடைஞ்சுடுச்சுன்னா உன் கைல ஒண்ணுமே இல்ல. டெஸ்ட் பண்ண ரிம்தான் வேணும், ஃபோர்ஜ்டு (அழுத்தி அடிச்சு செஞ்சது) வாங்க முடிஞ்சா நல்லது, இல்லன்னா நல்ல கம்பெனி ஃப்ளோ ஃபார்ம்டு (வார்த்து, அப்புறம் உருட்டி இழுத்தது) போதும்

அம்மா: அண்ணா இதெல்லாம் கேட்டாலே வயித்த கலக்குது. இவன போகவே வேணாம்னு சொல்லுங்களேன்

பெரிய மாமா: போகட்டும் மா. ஏர்போர்ட் ரோடுல ராத்திரி விரட்டறதுக்கு, மார்ஷல் நிக்கற, ஆம்புலன்ஸ் நிக்கற இடத்துல போய் ஓட்டறது எவ்வளவோ மேல். வண்டிய ஒழுங்கா தயார் பண்ணிட்டு போகணும், அவ்வளவுதான்

கார்த்தி: மாமா பெரிய ரிம்னா கிரிப் ஜாஸ்தி இல்லையா?

பெரிய மாமா: இல்ல கார்த்தி. கிரிப் டயர் ரப்பர்லயும் அகலத்துலயும் இருக்கு. ரிம் பெருசாக பெருசாக வெயிட் ஏறும், அந்த வெயிட்டும் ஆக்ஸில்லேருந்து தள்ளிப் போகும், அதனால வேகம் எடுக்கவும் கஷ்டம் நிறுத்தவும் கஷ்டம், டயரோட பக்கச் சுவர் இருக்கே, சைடுவால், அதுவும் மெல்லிசாயிடும், ஓசூர் ரோடு பள்ளத்துல ஒரு தடவ விழுந்தா ரிம் வளைஞ்சுடும். உன் வண்டிக்கு கம்பெனிலேயே 19 தான், ட்ராக்குக்கு நான் 18க்கு இறங்குன்னுதான் சொல்லுவேன்

வினோ: 18 பிரேக் மேல இடிக்காதா மாமா?

பெரிய மாமா: நல்ல கேள்வி. காலிபர், அதான் பிரேக் டிஸ்க்க கவ்வற பாகம், என்ன கலர்?

வினோ: நீலம்

பெரிய மாமா: அப்ப உனக்கு 4 பிஸ்டன், 380 எம்எம் டிஸ்க். சாம்பல் கலரா இருந்தா 400 எம்எம், அதுக்கு 18 ரொம்ப பாத்து வாங்கணும். பிஎம்டபிள்யூவோட எஃப்80 எம்3க்கு இதே 380 டிஸ்க்தான், அது கம்பெனிலேருந்தே 18 இஞ்ச்ல 255/40, 275/40 டயரோட வந்துச்சு (முதல் நம்பர் எம்எம்ல அகலம், அடுத்தது அதுல எத்தனை சதவீதம் சைடுவால் உயரம்), பிசிடியும், அதாவது போல்ட் ஓட்டை வட்டமும், ரெண்டுக்கும் ஒண்ணுதான், 5x120. அதனால 18 உள்ள போகும். ஆனா ஸ்போக் வளைவு ஒவ்வொரு ரிம்முக்கும் மாறும், ரிம் கம்பெனிக்காரன் குடுக்கற பிரேக் டெம்ப்ளேட்ட (ரிம் உள்பக்க வடிவத்தோட படம்) பிரிண்ட் எடுத்து அட்டைல ஒட்டி வெட்டி காலிபர் மேல வச்சுப் பாத்துட்டு ஆர்டர் போடு

வினோ: அகலம் எவ்வளவு மாமா? நாலும் ஒரே சைஸ் போடுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க

பெரிய மாமா: அவங்க சொல்றது சரி. இப்ப உனக்கு டயர் அகலம் முன்னாடி 245, பின்னாடி 265. முன்னாடி சின்னதா இருக்கறதால வளைவுல வண்டி மூக்கு வெளிய தள்ளும், அப்புறம் முன் டயர் மட்டும் சீக்கிரம் தேயும், அத பின்னாடி போடவும் முடியாது. நாலும் 18x9.5 ரிம் (9.5 இஞ்ச் அகலம்), ஆஃப்செட் 22, டயர் 255/40 போட்டா முன்ன பின்ன மாத்தி மாத்தி ஓட்டலாம், செலவு குறையும்

பெரிய மாமா: கணக்கு பாரு. முன்னாடி உன் ஒரிஜினல் 9 இஞ்ச், ஆஃப்செட் 29. புதுசு அரை இஞ்ச் அகலம், அதுல பாதி 6.35 எம்எம் உள்ள, பாதி வெளிய. ஆஃப்செட் 7 குறையுதே, அது மொத்தத்தையும் 7 எம்எம் வெளிய தள்ளும். ஆக உள்பக்கம் சஸ்பென்ஷனுக்கு இருந்த இடம் குறையவே இல்ல, 0.65 எம்எம் கூடத்தான் கிடைக்குது. வெளிப்பக்கம் 13 எம்எம் வரும், அது ஃபெண்டர்ல (வீல் மேல இருக்கற பாடி விளிம்பு) உரசாம இருக்க கேம்பர், அதாவது வீல் சாய்வு, வேணும், ரெண்டரை டிகிரி நெகட்டிவ் வச்சா மேல்பக்கம் உள்ள சாஞ்சுக்கும். அந்த கேம்பர் எப்படியும் உனக்கு வேணும், இல்லன்னா டயரோட வெளி ஓரம் ஒரே நாள்ல தேஞ்சு உருண்டுடும். ஸ்டாக்ல அவ்வளவு வராது, சாய்வ மாத்தறதுக்கு கேம்பர் ப்ளேட் போடணும்

கார்த்தி: மாமா நீங்க கால்குலேட்டரே வேணாம் போல

வினோ: டயர் மிஷெலின் கப் 2 (ட்ராக்குக்கான செமி ஸ்லிக்) போட்டுடவா?

பெரிய மாமா: இப்ப வேணாம். அடுத்த மாசம் ஐப்பசி, கிருஷ்ணகிரி தாண்டினா எங்க வேணா மழை பிடிக்கும். கப் 2 காஞ்ச ரோடுக்கு உயிர், ஆனா தண்ணி வெளியேத்தற டயர் வெட்டு கம்மி, தேங்கின தண்ணில மிதக்கும். 300 கிலோமீட்டர் அதே டயர்லதான் போய்ட்டு வரணும்ல? அதே மிஷெலின்ல ரோடு டயர் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போடு. அது கத்தும், மெதுவா வழுக்கும், எல்லை வருதுன்னு முன்னாடியே சொல்லும். செமி ஸ்லிக் கடைசி வரைக்கும் பிடிச்சுட்டு பட்டுன்னு விட்டுடும், அதுவும் உன் வேகம் இன்னும் ஜாஸ்தியா இருக்கறப்ப. மொதல்ல லைன், வளைவுல வண்டி போற பாதை, கத்துக்கோ, பிரேக் கத்துக்கோ, அந்த 4எஸ்ஸ நீயே முழுசா தேச்சு முடிச்சப்புறம் கப் 2 பத்தி பேசலாம்

அம்மா: கண்ணு மாமா சொல்றத கேளு

பெரிய மாமா: இன்னொண்ணு, மொதல்ல டயர் கைல வரட்டும், அப்புறம் ரிம் ஆர்டர் போடு. 2020 ஜூன்லேருந்து டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும், அதுக்கு மேல ஐஎஸ்ஐ முத்திரையும் வேணும், அதனால எல்லா சைஸும் எல்லா நேரமும் கிடைக்காது. 255/40 ஆர்18 99ஒய்னு எழுதிக் கேளு, 99ன்னா 775 கிலோ, ஒய்னா 300 கிலோமீட்டர் வேகம். சைடுல டிஓடின்னு இருக்கற கோடுல கடைசி நாலு நம்பரையும் பாரு, அது தயாரிச்ச தேதி, 2324ன்னா 2024ல 23ஆவது வாரம். பழைய சரக்கு தள்ளுபடில தர்றேன்னா வாங்காத, ரப்பர் இறுகியிருக்கும்

பிரியா அக்கா: வினோ இன்ஷூரன்ஸ் பேப்பர எடுத்துப் படி. ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங்கெல்லாம் கவர் ஆகாதுன்னு போட்டிருக்கும், ட்ராக் டேயும் அதுலதான் வருமான்னு ஏஜென்ட்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கு

வினோ: சரிக்கா, நாளைக்கே மெயில் போடறேன். மாமா காத்து எவ்வளவு வைக்கணும்?

பெரிய மாமா: காலைல டயர் ஆறியிருக்கறப்ப 27, 28 பிஎஸ்ஐ வச்சுக்கிட்டு இறங்கு. சூடு ஏற ஏற பிரஷர் ஏறும், அஞ்சாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. ஒரு செஷன் முடிச்சு பிட்டுக்குள்ள வந்த உடனே அள, 33, 34ல நாலும் நிக்கணும், மேல போச்சுன்னா சூட்டோட சூடா இறக்கிவிடு. பிரேக் கொதிச்சுட்டு இருக்கும், ஹேண்ட்பிரேக் மட்டும் போடாத. சாயங்காலம் டயர் ஆறினப்புறம் கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் அளவுக்கு திரும்ப காத்து அடிச்சுட்டுத்தான் ஹைவே ஏறணும், இத நிறைய பேர் மறந்துடறாங்க. நல்ல கேஜ் ஒண்ணு சொந்தமா வாங்கு, பெட்ரோல் பங்க் மீட்டர நம்பாத

வினோ: நோட் பண்ணிக்கிட்டேன்

பெரிய மாமா: வீல் போல்ட்ட 140 நியூட்டன் மீட்டர் இறுக்கணும், அளவு பாத்து முறுக்கற டார்க் ரெஞ்ச்லதான், கடைல கன் வச்சு டர்ர்ர்னு ஏத்த விடாத. முதல் செஷனுக்கு அப்புறம் வீல் ஆறினதும் நாலு வீலையும் ஒரு தடவ செக் பண்ணு. ரிம்மோட நடு ஓட்டை 72.6 எம்எம் இருக்கணும், பெருசா இருந்தா அலுமினியம் ரிங் போடு, பிளாஸ்டிக் ரிங் பிரேக் சூட்டுல இளகிடும்

வினோ: என்கிட்ட டார்க் ரெஞ்ச் இல்ல மாமா

பெரிய மாமா: என்னோடது எடுத்துட்டு வர்றேன். சனிக்கிழமை டெம்ப்ளேட் வெட்டி வை, ஜாக் ஸ்டாண்டும் ரெடியா இருக்கட்டும், சேர்ந்து அளந்துடலாம். அந்த 20 இஞ்ச் கடைக்காரருக்கு இன்னைக்கே வேணாம்னு சொல்லிடு

வினோ: சொல்லிட்டேன் மாமா

அம்மா: அண்ணா சனிக்கிழமை சாப்பாட்டுக்கே வந்துடுங்க