பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் கீழ்நிலை அணிகளை எப்படிப் பின்தொடர்கிறீர்கள்?

நண்பர்களே, ஒரு உதவி. 2025 ஜூனில், இளம் வீரர்களைத் தயார்படுத்தும் கீழ்நிலை அணிகளில் மேல்மட்டமான வூஸ்டர் அணிக்காக ரோமன் ஆந்தனி என்ற இளம் வீரர் 497 அடி தூரத்துக்கு ஒரு ஹோம் ரன் விளாசினார். இரண்டே நாளில் அவரை பாஸ்டனின் முதன்மை அணிக்கு அழைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கீழ்நிலை அணிகள் மேல் எனக்குப் பைத்தியம்.

வூஸ்டர், அதற்கு அடுத்த நிலையான போர்ட்லேண்ட் வரை சரி, சமாளித்துவிடுகிறேன். அதற்குக் கீழே கிரீன்வில், அப்புறம் டொமினிக்கன் கோடை லீக்கில் ஆடும் பதினேழு வயதுப் பையன்கள் என்று போனால் தலை சுற்றுகிறது. நோட்டில் எழுதி வைத்தால், பாதிப் பேர் அடுத்த மாதம் வேறு ஊரில்!

ஒரு பையன் .320 சராசரியில் (பத்து முயற்சியில் மூன்றுக்கு மேல் ஹிட்) அடிக்கிறான் என்றால், அந்த லீக்குக்கு அவன் வயது அதிகமா குறைவா என்று எங்கே பார்ப்பீர்கள்? பந்துவீச்சாளர்களுக்கு ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்குவது), வாக் (நான்கு பந்து தவறாக வீசி மட்டையாளருக்கு முதல் பேஸை இலவசமாகத் தருவது) இரண்டும் பார்த்தால் போதுமா? தினமும் எனக்குக் கிடைப்பது கால்மணி நேரம்தான்.