அடமா, பிறவிக் குணமா? முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள்

எதற்கெடுத்தாலும் அலறும் குழந்தை என்றால் பழி முதலில் அம்மா தலையில்தான் விழும். நியூயார்க்கில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த ஸ்டெல்லா செஸ் அதை ஏற்கவில்லை. அவரும் கணவர் அலெக்சாண்டர் தாமஸும் 1956-ல் தொடங்கிய ஆய்வில் 133 பேரைக் கைக்குழந்தையிலிருந்து பெரியவர்களாகும்வரை கவனித்தார்கள். அதில் சுமார் 10 சதவீதம் 'கடினமான' குழந்தைகள்: பசிக்கும் தூக்கத்துக்கும் நேரம் காலம் கிடையாது, புதிது எதுவானாலும் ஒதுங்கும், பழக நாளாகும், சிணுங்கல் அதிகம், அழுதாலும் சிரித்தாலும் ஊரைக் கூட்டும்.

அவர்கள் சொன்னதில் முக்கியமானது 'பொருத்தம்': குழந்தையின் குணமும் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பும் ஒத்துப்போவது. அதே நகரத்தில் போர்ட்டோ ரிக்கோ என்ற கரீபியன் தீவிலிருந்து வந்த குடும்பங்களையும் பார்த்தார்கள். அங்கே தூங்கும் நேரத்தை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் நேரம் காலமில்லாத தூக்கம் தொல்லையாகவும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி, காலையில் எழுப்ப வேண்டி வந்தபோதுதான் சிக்கல். குழந்தையின் குணம் மாறவில்லை, எதிர்பார்ப்புதான் மாறியது.

---

நடைமுறைக்கு வருவோம். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: மணி, என்ன ரகளை, அதற்கு 5 நிமிடம் முன்னால் என்ன நடந்தது. பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில்தான் திரும்பத் திரும்ப வெடிக்கும்.

காலையில் சட்டை போடும்போது என்றால் கழுத்துப் பட்டையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே தைத்திருக்கும் லேபிள் தோல் உணர்ச்சி கூடிய குழந்தைக்கு முள். தையலோடு பிரித்து எடுங்கள். கத்தரித்தால் மிச்சமிருக்கும் நுனி இன்னும் மோசமாகக் குத்தும். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி மாட்டினால் விரல் பக்கத் தையல் உறுத்தாது.

விளையாட்டை நிறுத்தும்போது என்றால், 10 நிமிடம் முன்பே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். 2 நிமிடம் இருக்கும்போது இன்னொரு தடவை. அவ்வளவுதான். ஏழெட்டுத் தடவை எச்சரித்தால் முதல் ஆறும் கணக்கில்லை என்று குழந்தை கற்றுக்கொள்ளும். "குளிக்கப் போலாமா?" என்று கேட்காதீர்கள், கேட்டால் "வேண்டாம்" என்ற பதிலையும் ஏற்க வேண்டியிருக்கும். "குளிக்கிற நேரம். வாளியா, ஷவரா?" இது போதும்.

---

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குணத்துக்கு இடம் கொடுப்பது வேறு, குழந்தை அடிப்பதையும் கடிப்பதையும் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. அங்கே சுருக்கமாக, குரல் உயர்த்தாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தடுக்க வேண்டும். அப்பா தடுத்துப் பாட்டி விட்டால் அலறல் இன்னும் நீளும்.

பேச்சு தாமதம், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, பழகிய சொற்களை இழப்பது இவற்றையெல்லாம் குணம் என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.