பானட்டில் காற்றுவழி வெட்டுதல்: கம்பெனிப் பெயின்ட்டைக் காப்பாற்ற முடியுமா?

வட்டச்சாலை எழுதியது:

வணக்கம். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் டிராக் நாட்களில் ஓட்டுவதற்கென்றே ஒரு பழைய மாருதி எஸ்டீம் வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் தொடர்ந்து சில சுற்றுகள் விரட்டினால் வெப்பமுள் ஏறிவிடுகிறது. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், விசிறி மூன்றையும் சோதித்தாயிற்று; அவற்றில் குறையில்லை. எனவே பானட்டில் திறப்பு வெட்டி, வாங்கி வைத்திருக்கும் இரண்டு அலுமினிய லூவர் தகடுகளை (காற்று வெளியேறச் சாய்வான கீற்றுகள் கொண்டவை)ப் பொருத்த எண்ணுகிறேன்.

காரில் இருப்பது இன்னும் கம்பெனிப் பெயின்ட்தான், வெள்ளி நிற மெட்டாலிக். ஓரிடத்தில் உதிர்ந்தால் அந்த இடத்தை மட்டும் அடித்து நிறம் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது மெட்டாலிக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். டிங்கரிங் பட்டறையில் விசாரித்தபோது, கிரைண்டரில் ஐந்து நிமிட வேலை என்றார்கள். அந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது. பெயின்ட்டுக்குச் சேதம் இல்லாமல் வெட்டும் முறையை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எதிர்காற்று எழுதியது:

வெட்டும் முறைக்கு முன், வெட்டும் இடத்தை முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்க விரும்புகிறேன். கார் வேகமாக ஓடும்போது பானட்டின் முன்பகுதியில் காற்று விரைந்து வளைந்து செல்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. விண்ட்ஷீல்டின் அடிப்பகுதியில் காற்று முட்டித் தேங்குவதால் அழுத்தம் கூடுகிறது. 1969ஆம் ஆண்டு செவ்ரலே கமேரோவில் விருப்பத் தேர்வாகக் கிடைத்த பானட்டின் திறப்பு விண்ட்ஷீல்டை நோக்கியே அமைந்திருந்தது, ஏனெனில் அங்கிருந்து காற்றை உள்ளே இழுப்பதுதான் அதன் வேலை. உங்களுக்கோ சூடான காற்று வெளியேற வேண்டும். ஆகவே ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானட்டின் முன் பாதிக்குள் இடம் தேடுங்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று கண்ணாடிக்கு அருகில் வெட்டினால், பெயின்ட் பிழைத்தாலும் சூடு இறங்காது.

ஊகத்தில் வெட்ட வேண்டியதும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை என்ஜின் அறைக்குள்ளும் மறுமுனையை பானட்டின் மேற்பரப்பிலும் டேப்பால் ஒட்டி, நடுப்பகுதியைக் காருக்குள் யு வடிவில் தொங்கவிட்டுச் சிறிது நிறம் கலந்த நீரை நிரப்புங்கள். ஓடும்போது நீர் எந்த முனையின் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் அழுத்தம் குறைவு. குறிப்பதைப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். மேல் முனையை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தால் தகுந்த இடம் தெரிந்துவிடும்.

இந்தக் காரைப் பொதுச் சாலையிலும் ஓட்டுவதாக இருந்தால், வாகனத்தில் மாற்றம் செய்வது பற்றிய, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு, ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தகடும் அரமும் எழுதியது:

இடம் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு வெட்டும் வேலைக்கு வருகிறேன். பெயின்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பிளேடு அல்ல. பெயின்ட்டின் மேல் உரசிச் செல்லும் கருவியின் அடித்தட்டு, சிதறும் இரும்புத் தூள், பறக்கும் தீப்பொறி, வெட்டிய பின் பாதுகாப்பில்லாமல் விடப்படும் விளிம்பு ஆகிய நான்கும்தான் கெடுக்கின்றன. ஆகவே எல்லா ஏற்பாடுகளும் இந்த நான்கையும் நோக்கியே இருக்க வேண்டும்.

பானட்டைக் கழற்றாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கீல்களின் இடத்தை முதலில் குறித்துக்கொண்டு, கண்ணாடி கழுவும் நீர் வரும் வாஷர் குழாயைப் பிரித்துவிட்டு, இருவராகச் சேர்ந்து கழற்றுங்கள். பிறகு அடிப்புறத்தைப் பாருங்கள். மேல் தகடு சுமார் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்கு விறைப்பைத் தருவது கீழே ஓடும் உள்சட்டம். விபத்தில் பானட் எங்கே மடிய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே வடிவமைக்கப்பட்டிருக்கும். சட்டத்தை அறுக்காமல் அதன் இடைவெளிகளுக்குள் திறப்பு அமையும்படி லூவரின் அளவைப் பொருத்திப் பாருங்கள். அமையவில்லை என்றால் சிறிய லூவர் வாங்குவதே சரி.

மேற்புறத்தைக் கழுவி உலர்த்தி, வெட்டும் இடத்தைச் சுற்றிக் குறைந்தது ஒரு சாண் அகலத்துக்கு இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்து டேப்பின் மேல் கோடு வரையுங்கள். மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள். கூர்மூலையிலிருந்துதான் பின்னாளில் அதிர்வால் விரிசல் ஓடும். மூலை ஒவ்வொன்றிலும் சென்டர் பஞ்சால் (துளையிடும் இடத்தைக் குறிக்கும் கூர்முனை ஆணி) மெதுவாகக் குழி வைத்து, சிறு துளை போட்டு, அதைப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். அந்தத் துளையின் வளைவே மூலையின் வளைவாகிவிடும். பஞ்ச் வைக்கும்போது கீழே மரக்கட்டை முட்டுக் கொடுக்காவிட்டால் தகடு பள்ளம் விழும்.

இனிதான் முக்கியமான கட்டம். பிளேடு மேலும் கீழும் ஓடும் கைமின்வாளான ஜிக்சாவில், சாதாரண பிளேடு மேல்நோக்கி வரும்போதுதான் வெட்டுகிறது. பெயின்ட் பக்கம் மேலே இருக்க வெட்டினால், பல் வெளியேறும் இடத்தில் பெயின்ட் பெயர்ந்து பிசிறும் மேலேயே நிற்கும். போதாததற்கு இயந்திரத்தின் அடித்தட்டும் பெயின்ட் மேல் நகரும். ஆகவே மேலிருந்து மூலைத் துளைகளை மட்டும் போட்டுக்கொண்டு, பானட்டைத் தடித்த ஸ்பான்ஜ் விரிப்பின் மேல் கவிழ்த்து, வெட்டும் இடத்துக்குக் கீழே பிளேடு ஓட வெற்றிடம் விட்டு, துளைகளை இணைத்து அடிப்புறத்திலிருந்து அறுங்கள். அப்போது பல் பெயின்ட் பக்கமாக நுழைகிறது. பிசிறு கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் நிற்கிறது. மெல்லிய தகட்டுக்கென்று விற்கப்படும், சுமார் 0.8 மில்லிமீட்டர் பல்லிடைவெளி உள்ள பிளேடு போதும். வேகத்தைக் குறைத்து, அறுக்கும் இடத்துக்கு அருகிலேயே தகட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை வையுங்கள். மெல்லிய தகடு அதிரத் தொடங்கினால் பெயின்ட் விரிசல் விடும்.

பட்டறைப்பக்கம் எழுதியது:

தகடும் அரமும் ஐயா சொன்ன முறை நல்ல முறைதான். ஆனால் கிரைண்டரை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. லூவரின் விளிம்புப் பட்டை பொதுவாக 15 மில்லிமீட்டராவது பெயின்ட்டின் மேல் படிந்து நிற்கும். அதற்குக் கீழே சிறு உதிர்வு இருந்தால் அது யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை. கோட்டுக்கு 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, 1 மில்லிமீட்டர் டிஸ்க்கால் விட்டு விட்டு வெட்டி, எஞ்சியதை அரத்தால் எடுத்தால் சூடேறிய பகுதி அரத்தோடு போய்விடும்.

தீப்பொறியைப் பற்றி அவர் சொன்னதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பழுக்கக் காய்ந்த இரும்புத் துகள் பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டிலும் கண்ணாடியிலும் பதிந்துவிட்டால், சில நாட்களில் பழுப்புப் புள்ளிகளாகத் துரு பூக்கும். கிரைண்டர் எடுத்தால் ஈரச் சாக்கோ தீப்பிடிக்காத விரிப்போ பானட் முழுவதையும் மூட வேண்டும். பக்கத்தில் வேறு வண்டி நிற்கக் கூடாது. எந்தக் கருவியானாலும் கண்ணாடி அணியாமல் வெட்டாதீர்கள்.

வட்டச்சாலை எழுதியது:

மூவருக்கும் நன்றி. உள்சட்டத்தின் இடைவெளியை அளந்து பார்த்தேன்; லூவர் மயிரிழையில் அடங்குகிறது. வெட்டிய பின் டேப்பை எடுப்பது, விளிம்பைப் பாதுகாப்பது, மழைநீர் ஆகியவற்றையும் விளக்க முடியுமா?

தகடும் அரமும் எழுதியது:

வெட்டி முடித்ததும் துணியால் துடைக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், தூள் பெயின்ட்டைக் கீறிவிடும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பரப்பில் இழுக்காமல் மேலே காட்டித் தூளை எடுத்த பின், காற்றடித்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உள்சட்ட மடிப்புகளுக்குள் போன தூளையும் அன்றைக்கே வெளியேற்றிவிட வேண்டும்.

அரம் போடும்போது பெயின்ட் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி மட்டும் தள்ளுங்கள். கீழிருந்து மேலே இழுத்தால் விளிம்பில் பெயின்ட் செதிலாகக் கிளம்பும். டேப்பையும் அதே காரணத்துக்காக வெட்டு விளிம்பிலிருந்து உரிக்கத் தொடங்காமல், தொலைவிலிருந்து விளிம்பை நோக்கி, மடித்துத் தாழ்வாக இழுத்து எடுங்கள். டேப் ஒட்டிய பானட்டை வெயிலில் போட்டுவிட்டால் பசை தங்கிவிடும். பிறகு வெற்று இரும்பு தெரியும் விளிம்பு முழுவதற்கும் தூரிகையால் எபாக்ஸி பிரைமர் தடவி, காய்ந்த பின் டச்சப் பெயின்ட் பூசுங்கள்.

அலுமினிய லூவர் இரும்புத் தகட்டை நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அரிப்பு உண்டாகும். இடையில் மெல்லிய ரப்பரோ பியூட்டைல் பட்டையோ வையுங்கள். சிலிக்கோன் பயன்படுத்துவதாக இருந்தால் வினிகர் வாசனை அடிக்கும் வகை வேண்டாம், அது இரும்பை அரிக்கும். நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். ரிவெட்டைவிடச் சிறு போல்ட்டுகளையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் மழைக்காலத்தில் லூவரைக் கழற்றி, அதே துளைகளில் மூடுதகடு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். திறப்புக்கு நேர் கீழே ஆல்டர்னேட்டரோ இக்னிஷன் இணைப்புகளோ வருகின்றனவா என்று பார்த்து, வந்தால் லூவரின் அடியில் நீரை ஓரத்துக்குத் திருப்பும் சிறு தகட்டுத் தொட்டி ஒன்றையும் இப்போதே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.