தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது: எல்லா ஊசிகளையும் மறுபடி போட வேண்டுமா?

மலர்விழி:
என் மகளுக்கு 4 வயது 8 மாதம் ஆகிறது. திருநெல்வேலியில், என் தாய் வீட்டில் இருந்தபோது பிறந்தவள். சென்ற மாதம் கோயம்புத்தூருக்கு வீடு மாறியபோது அவளுடைய தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது. முதல் ஆண்டு ஊசிகளைத் தவறாமல் போட்டோம். ஒன்றரை வயது ஊசியைப் போட்டோமா என்பதுதான் எனக்கும் என் கணவருக்கும் நினைவில்லை. அவளுக்கு லேசான காய்ச்சல் என்று ஒரு முறை பாதி வழியில் திரும்பி வந்தது மட்டும் நினைவிருக்கிறது. பள்ளியில் அட்டையின் நகல் கேட்கிறார்கள். இடது தோளில் பயறளவுத் தழும்பு ஒன்று இருக்கிறது. வேறு சான்று இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டால் குழந்தைக்குக் கெடுதல் வருமா?

செல்வராணி, ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:
பதற்றப்படாதீர்கள், அம்மா. அட்டை தொலைந்தாலும் பதிவேடு இருக்கும். நீங்கள் கருவுற்றிருந்தபோது 12 இலக்க ஆர்.சி.எச். எண், அதாவது தாய்-சேய் நலப் பதிவு எண், கொடுத்திருப்பார்கள்; பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அதைக் கேட்டிருப்பார்கள். அந்த எண்ணையும் குழந்தையின் பிறந்த தேதியையும் எழுதிக் கொடுத்து, ஊசி போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உங்கள் தாயாரைப் புதன்கிழமை அனுப்புங்கள். அன்று தடுப்பூசி நாள் என்பதால் செவிலியரைப் பார்த்துவிடலாம். மழையில் நனைந்து எழுத்தெல்லாம் நீலக் கறையாகிப்போன அட்டைகளோடு வந்த தாய்மார்களுக்கு, பதிவேட்டைப் பார்த்து நானே புது அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கார்த்திகேயன், குழந்தை மருத்துவர்:
முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இடைவெளி எவ்வளவு நீண்டாலும் முன்பு போட்ட தவணைகள் வீணாவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வதே முறை. 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பூசியின் முதல் ஊக்கத் தவணையும், போலியோ சொட்டு மருந்தும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவு கிடைக்காமல் தட்டம்மை-ரூபெல்லா ஊசியை மறுபடி போட நேர்ந்தாலும் தீங்கில்லை. ஆனால் அரசுத் திட்டத்தில் அதை 5 வயது நிறையும் வரைதான் போடுவார்கள் என்பதால், உங்களுக்கு இருப்பது 4 மாதம். முத்தடுப்பூசி அப்படியல்ல, தேவைக்கு மேல் போட்டால் கை வீங்கிக் கடுமையாக வலிக்கக்கூடும். ஆகவே பதிவேட்டைத் தேடிப் பார்த்த பிறகே அதை முடிவுசெய்யுங்கள். தோளில் உள்ள தழும்பு காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை மட்டுமே காட்டும். இன்னொன்று: லேசான காய்ச்சலோ சளியோ தடுப்பூசிக்குத் தடையல்ல, அதற்காகத் திரும்பிப்போகும் பல குழந்தைகளுக்கு அந்தத் தவணையே விட்டுப்போகிறது.

மலர்விழி:
உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா நேற்று நேரில் போய், பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். ஒன்பதாம் மாதம் வரை எல்லாக் கட்டங்களிலும் தேதி இருக்கிறது; அடுத்த கட்டம் வெறுமையாக இருக்கிறது. விட்டுப்போனவற்றை வருகிற புதன்கிழமை இங்குள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடப்போகிறோம். 5 வயதுக்குப் பிந்தைய ஊக்கத் தவணைக்கான நாளையும் அங்கேயே கேட்டு, புது அட்டையில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.