மொட்டை மாடியில் ஹாட் டப்: சென்னையில் வைத்தவர்கள் சொல்வது

பாலவாக்கம், தனி வீடு

"சென்னை வெயிலுக்கு வெந்நீர்த் தொட்டி எதற்கு?" என்று கேட்காத ஆளே இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் மூட்டுவலிக்காகத்தான் வைத்தோம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கச் சொன்னோம். மார்கழி, தை ராத்திரிகளில் வெளியே 20, 21 டிகிரி இருக்கும்போது 38 டிகிரி தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் அவர் கைப்பிடியைப் பிடிக்காமலே படி இறங்குகிறார். எனக்கு அது போதும்.

வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் எடையைக் கேளுங்கள். நாலு பேர் உட்காரும் தொட்டிக்குச் சுமார் 1000 லிட்டர் தண்ணீர். அதுவே ஒரு டன். காலித் தொட்டி இருநூற்றைம்பது கிலோ, உள்ளே நாலு பேர் என்று சேர்த்தால் ஒன்றரை டன்னைத் தாண்டுகிறது. இரண்டுக்கு இரண்டு மீட்டர் இடத்தில் இத்தனை எடை உட்கார்ந்தால், சதுர மீட்டருக்கு 380 கிலோ வருகிறது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 ஆட்கள் புழங்கும் மொட்டை மாடிக்குச் சொல்லும் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ, வீட்டு அறைக்கே 200 கிலோதான். கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார், நிறைய வீட்டில் வைத்திருக்கிறோம்" என்றுதான் சொல்வார். அவர் பேச்சை நம்பித் தூக்கி வைக்காதீர்கள். கட்டட வரைபடத்தோடு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

எங்கள் இன்ஜினியர் தளத்தில் எடை இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் தூண் தலைக்கு மேல் சிறு கான்கிரீட் மேடை கட்டி, அவற்றின் மேல் இரும்பு பீம்களைப் போட்டு, தொட்டியை அதில் உட்கார வைத்தோம். அடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. தட்டோடும் அதன் கீழே உள்ள வெதரிங் கோர்ஸும் (வெயில், மழையிலிருந்து தளத்தைக் காக்கும் அடுக்கு) அப்படியே இருக்கின்றன. அடியில் ஒழுகினாலும் உடனே கண்ணில் படும், பெருக்கவும் முடியும். கடல் காற்று இருக்கிறதே, அதற்காக பீமுக்கு எபாக்ஸி பெயிண்ட், திருகாணி எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). சாதா திருகாணி இங்கே சீக்கிரமே துருவாகக் கொட்டிவிடும்.

வேளச்சேரி, டூப்ளெக்ஸ் வீடு

சார் எடையை நன்றாகச் சொல்லிவிட்டார். நான் கரண்டைச் சொல்கிறேன்.

1000 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 38க்கு ஏற்றக் கிட்டத்தட்ட 12 யூனிட் ஆகிறது. 3 கிலோவாட் ஹீட்டர் என்றால் நாலு மணி நேரம். மூடி நல்ல கனமாக இருந்தால் அடுத்த நாள் அந்தச் சூடு பெரும்பாலும் தங்கும். மூடியில்தான் மிச்சம், ஹீட்டரில் இல்லை. இ.பி. இரண்டு மாதக் கணக்கில் ஸ்லாப் மாறும்போது ஒவ்வொரு யூனிட்டும் உறைக்கும்.

ஹீட்டரும் பம்பும் சேர்ந்து ஓடினால் 20 ஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும். கீசர் பாயின்டில் சொருகி ஓட்டலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 32 ஆம்பியர் பிரேக்கர், அதோடு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) கட்டாயம். எர்த்திங்கை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஈர உடம்போடு உட்காரும் இடம் இது, இதில் சமரசமே கூடாது. ஸ்விட்ச் தொட்டிக்குள் இருந்து கை எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

கத்திரி வெயிலில் வேறு பிரச்சினை. ஹீட்டரை அணைத்தாலும் பம்பின் சூடு, வெயிலின் சூடு இரண்டும் சேர்ந்து தண்ணீர் தானாகவே 40ஐத் தாண்டும், இயந்திரம் அதிகச் சூடு என்று நின்றுவிடும். நான் பகலில் மேலே நிழல்வலை கட்டி, பம்ப் ஓடும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றி வைத்தேன். சரியாகிவிட்டது.

மேடவாக்கம், போர் தண்ணீர் வீடு

எனக்கு எடையும் கரண்டும் சுலபமாக முடிந்தன. தண்ணீர்தான் பாடாய்ப் படுத்தியது. எங்கள் போர் தண்ணீரின் கடினம் அத்தனை. சூடாக்கினால் சுண்ணாம்பு அப்படியே படிந்துவிடும். சர்வீஸுக்கு ஹீட்டரைக் கழற்றியபோது கம்பி முழுக்க வெள்ளைப் பொருக்கு, விரல் நகத்தால் சுரண்டினால் முட்டை ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது. இப்போது போர் தண்ணீரையும் சாஃப்ட்னர் (கடினம் நீக்கும் கருவி) தண்ணீரையும் கலந்து, கால்சியம் கடினம் 150 முதல் 250 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வரை வரும்படி நிரப்புகிறேன். முழுக்க சாஃப்ட்னர் தண்ணீர் போட்டால் நுரை கட்டும், உலோகத்தையும் அரிக்கும்.

அப்புறம், சம்ப்பில் போடும் பிளீச்சிங் பவுடரை இதில் போடாதீர்கள். அதிலேயே கால்சியம் இருக்கிறது, கடினத் தண்ணீரை இன்னும் கெடுக்கும். ஸ்பாவுக்கென்று வரும் குளோரின் குருணை வாங்குங்கள். குளோரின் 3 பி.பி.எம்.முக்குக் கீழே போகக்கூடாது, பி.ஹெச். 7.2 முதல் 7.8 வரை. வெந்நீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும், லீஜியோனெல்லா மாதிரிக் கிருமிகளுக்கோ இதே சூடுதான் பிடித்தமானது. தொட்டிக்குள் தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் கிளப்பும் நீர்த்துளியோடு அந்தக் கிருமி நுரையீரலுக்குப் போகும். எனவே இறங்குவதற்கு முன் குளோரின் அளவைக் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் நனைத்துப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் கால் வைப்பதில்லை. ஆல்கலினிட்டி (பி.ஹெச். ஏறி இறங்காமல் தாங்கும் காரத்தன்மை) குறைந்தால் சமையல் சோடாவே போதும்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே தொட்டியில் இறங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். நல்லெண்ணெய் ஃபில்டரின் மடிப்புக்குள் போய் ஒட்டினால் குளோரின் போட்டாலும் தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். சீயக்காய் தேய்த்து நன்றாகக் குளித்த பிறகு இறங்கட்டும். ஃபில்டரை வாராவாரம் ஹோஸால் மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் கழுவுங்கள்.

மயிலாப்பூர், பழைய வீடு

எங்களுடையது மரக்கட்டை, செங்கல், சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ். அதன் மேல் ஒரு டன் வைக்கும் பேச்சே கூடாது என்று கொத்தனார், இன்ஜினியர் இருவருமே சொன்னார்கள். பின்கட்டில் தரை மேல் காற்றடைத்த டப் வைத்திருக்கிறோம். ஹீட்டர் சின்னது, மணிக்கு ஒன்று இரண்டு டிகிரிதான் ஏறும், மதியமே போட வேண்டும். மழைக்காலத்தில் காலி செய்து மடித்து உள்ளே வைத்துவிடலாம், அது பெரிய வசதி. அப்பாவுக்கு பி.பி. உண்டு, அதனால் மருத்துவர் அவரை இறங்கவே விடவில்லை. கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

மாடியில் வைத்தவர்கள் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்?

பாலவாக்கம்

நல்ல கேள்வி அம்மா. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மாடித் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து பெரும்பாலான வீடுகளில் அது நேராகக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோதான் போகிறது. குளோரின் கலந்த தண்ணீரை அதில் விடக்கூடாது, நாம் குடிக்கும் ஊற்று அது. மூடியைத் திறந்து குளோரின் போடாமல் ஒன்றிரண்டு நாள் வெயிலில் விட்டு, ஸ்ட்ரிப்பில் பூஜ்யம் காட்டியதும் ஹோஸ் போட்டுத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சுகிறோம். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், குளோரின் இல்லாத தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டை வைக்கும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற தெரு எங்களுடையது. அந்த 1000 லிட்டரைச் சாக்கடையில் விட மனசு வராது.