தோள்ல பள்ளம் விழுந்திருக்கு, நீர்க்கட்டி நரம்ப அமுக்குதாம், ஆபரேஷன் பண்ணலாமா?

தஞ்சை ஸ்பைக்கர்:
வணக்கம், எனக்கு 22 வயசு, காலேஜ் டீம்ல வாலிபால், லீவுல ஊர் ஊரா டோர்னமென்ட். தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போது அம்மாதான் "என்னடா வலது பக்கம் குழியா இருக்கு"ன்னாங்க, கண்ணாடில பாத்தா தோள்பட்டை எலும்புக்குப் பின்னாடி சதையே இல்ல. வலி பெருசா கிடையாது, அஞ்சு செட் ஆடுனா உள்ளுக்குள்ள ஒரு கடுப்பு, அவ்ளோதான். எம்ஆர்ஐல லாப்ரம் (தோள் மூட்டுக் குழியச் சுத்தி இருக்குற குருத்தெலும்பு வளையம்) கிழிஞ்சு அதுலேர்ந்து நீர்க்கட்டி வந்து நரம்ப அமுக்குதுன்னு இருக்கு. டாக்டர் துளை போட்டு ஆபரேஷன்ங்கறார், கோச் எக்சர்சைஸ்லயே சரியாகும், கத்தி வைக்காதேங்கறார். யார் சொல்றத கேக்குறது? திரும்ப அடிக்க முடியுமா?

பிசியோ அக்கா:
தம்பி, கோச் சொல்றது பாதி சரி. அந்த நரம்பு பேரு சுப்ராஸ்கேப்புலார், கழுத்துலேர்ந்து வந்து தோள்பட்டை எலும்புல ரெண்டு இடுக்கு வழியா போகும். முதல் இடுக்குல மாட்டுனா அது இயக்குற ரெண்டு தசையும் இளைக்கும், ரெண்டாவதுல மாட்டுனா கீழ இருக்குற இன்ஃப்ராஸ்பினேட்டஸ் மட்டும் இளைக்கும், அங்க பெரும்பாலும் வலியே தெரியாது, அதான் அம்மா கண்ணுல படுற வரைக்கும் உனக்குத் தெரியல. 1985 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல 96 வாலிபால் பிளேயர்கள இத்தாலி டாக்டர்கள் சோதிச்சப்போ 12 பேருக்கு அடிக்கிற கைல இதே தசை செயலிழந்து இருந்துச்சு, அவங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே. கட்டி இல்லாம வெறும் நரம்பு இழுபடுறதால வந்திருந்தா நானே சில மாசம் எக்சர்சைஸ் பண்ணுன்னுதான் சொல்லியிருப்பேன். உனக்கு கட்டி இருக்கு, சதையும் கரைஞ்சிருக்கு. ஈஎம்ஜி, அதான் நரம்பும் தசையும் எப்படி வேலை செய்யுதுன்னு மின்சார அளவுல பாக்குற டெஸ்ட், எடுத்தாச்சா? முழங்கைய மடக்கி விலாவோட ஒட்டி வெச்சுக்கிட்டு, புறங்கையால கதவு நிலைய வெளிப்பக்கமா தள்ளு, ரெண்டு கையும் மாத்தி மாத்தி. வித்தியாசம் உனக்கே தெரியும்.

பழைய செட்டர்:
எனக்கு இதே கட்டி. நான் முதல்ல ஊசிக்குப் போனேன், ஸ்கேன்ல பாத்துக்கிட்டே உறிஞ்சுனாங்க, பசை மாதிரி கெட்டியா வந்துச்சு, நாலு மாசத்துல திரும்ப ரொம்பிடுச்சு, கிழிசல் அப்படியே இருந்தா மூட்டுத் தண்ணி அது வழியா போய்க்கிட்டேதானே இருக்கும். அப்புறம்தான் ஆர்த்ரோஸ்கோப்பி, மூணு சின்ன துளை, கட்டிய வடிச்சுட்டு லாப்ரத்த ஆங்கர் (எலும்புல பதிக்கிற நூல் கோத்த சின்ன ஆணி) போட்டு தச்சாங்க. நாலு வாரம் ஸ்லிங், சட்டை பட்டன் போடக்கூட தங்கச்சி வேணும். பந்த தலைக்கு மேல தொட அஞ்சு மாசம், மேட்ச் ஆட எட்டு மாசம் ஆச்சு. இப்ப பலம் வந்துடுச்சு, பள்ளம் மட்டும் முழுசா ரொம்பல. ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டேன் தம்பி, அது மட்டும்தான் இன்னிக்கும் மனசுல உறுத்துது. நரம்பு ரொம்ப நாள் அமுங்கிக் கிடந்தா தசை கொழுப்பா மாறிடும், அப்புறம் கட்டிய எடுத்தாலும் அந்தத் தசை பழையபடி வராது.

ஊர் ரெஃப்ரி:
டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டுக்கோங்க ப்ரோ, கட்டிய மட்டும் எடுக்கப்போறாரா, கிழிசலையும் தைப்பாரான்னு. தோள் ஆபரேஷன் நிறைய பண்றவரா பாருங்க.

தஞ்சை ஸ்பைக்கர்:
அக்கா, கதவுல தள்ளிப் பாத்தேன், இடது கை தள்ளுற அளவுல பாதிகூட வலது கைல வரல, அம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டு ஒண்ணுமே பேசல. வியாழக்கிழமை ஈஎம்ஜிக்குப் போறேன். ஜனவரி டோர்னமென்ட்ல பேர எடுத்துடச் சொல்லி கோச்சுக்கு போன் பண்ணிட்டேன்.